எண்ணும் மேஜையில் ஏஜென்ட் எதைக் குறிக்க வேண்டும்? மறு எண்ணிக்கையை எந்த நேரத்தில் கேட்க வேண்டும்?

கேள்வி: கடைசிச் சுற்று

சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு வாக்கு எண்ணிக்கை ஏஜென்டுகளைத் தயார் செய்யும் பொறுப்பு எனக்கு. வருகிறவர்கள் பூத் ஏஜென்டாக உட்கார்ந்து பழகியவர்கள்தான், ஆனால் எண்ணும் மையத்துக்குள் யாரும் போனதில்லை. தொகுதியில் ஏறக்குறைய 300 பூத்.

2021 முடிவுகளைப் பார்த்தால் தியாகராய நகர் 137 ஓட்டு வித்தியாசம், மொடக்குறிச்சி 281, தென்காசி 370, காட்பாடி 746. 2016-ல் ராதாபுரம் வெறும் 49. இப்படி முடிகிற தொகுதியில் மேஜையில் இருப்பவர் கவனம் சிதறினால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது என்று சொல்கிறார்கள்.

உள்ளே போகும் ஆள் கையில் என்ன இருக்க வேண்டும், மெஷின் வந்ததும் எதைப் பார்க்க வேண்டும், தபால் ஓட்டில் எங்கே சிக்கல் வரும், மறு எண்ணிக்கையை யாரிடம், எப்போது கேட்க வேண்டும்? விதி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பதினான்காம் மேஜை

முதலில் ஆள் நியமனம். ஒரு அரங்கில் பொதுவாக 14 மேஜை, தேர்தல் நடத்தும் அலுவலருக்கு (ஆர்.ஓ.) தனி மேஜை. மேஜைக்கு ஒருவர், ஆர்.ஓ. மேஜைக்கு ஒருவர் என்று படிவம் 18-ல் எழுதி, வேட்பாளரோ தலைமை ஏஜென்டோ கையெழுத்திட்டு, புகைப்படத்துடன் எண்ணிக்கைக்கு மூன்று நாள் முன்பு மாலை 5 மணிக்குள் ஆர்.ஓ.விடம் கொடுத்துவிட வேண்டும். எண்ணிக்கை தொடங்கிய பிறகு ஆளை மாற்ற வழியில்லை. அதனால் நாள் முழுக்க உட்காரக்கூடியவரையே போடுங்கள். அரசு ஊழியர் யாரையும் போடாதீர்கள். ஏஜென்டாக உட்கார்ந்த ஊழியருக்கு மூன்று மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அமைச்சர், எம்.பி., எம்.எல்.ஏ., போலீஸ் பாதுகாப்பில் இருப்பவர் ஆகியோருக்கும் அனுமதி கிடையாது.

செல்போன் உள்ளே போகாது. பேனா, வெள்ளைத்தாள், படிவம் 17சி (பூத்தில் பதிவான ஓட்டுகளின் கணக்கு) நகல் ஆகியவை போகும். இந்த மூன்றில் 17சி நகல்தான் உயிர். வாக்குப்பதிவு முடிந்ததும் பூத்தில் இருக்கும் ஒவ்வொரு ஏஜென்டுக்கும் அதன் உண்மை நகலைப் பூத்தின் தலைமை அலுவலர் தர வேண்டும் என்பது தேர்தல் நடத்தை விதிகளின் விதி 49எஸ். பூத் ஏஜென்ட் ஆறு மணிக்கு முன்பே கிளம்பிவிட்டால் அந்த நகல் உங்களுக்கு இல்லை. பாதித் தொகுதியில் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. எண்ணிக்கை நாளைப் பற்றிக் கவலைப்படும் முன் வாக்குப்பதிவு அன்று மாலையே 300 நகலும் வந்து சேர்ந்ததா என்று சரிபாருங்கள்.

நகல்களை மேஜை வாரியாகப் பிரித்து அடுக்குங்கள். முதல் சுற்றில் 1-ஆம் பூத் 1-ஆம் மேஜைக்கு, 14-ஆம் பூத் 14-ஆம் மேஜைக்கு. இரண்டாம் சுற்றில் 15-ஆம் பூத் மறுபடி 1-ஆம் மேஜைக்கு. ஆக, எட்டாம் மேஜை ஆள் கையில் 8, 22, 36, 50 என்று 14 கூட்டிக்கொண்டே போகும் வரிசை இருக்க வேண்டும். 300 பூத் என்றால் 21 முழுச் சுற்று, 22-ஆம் சுற்றில் ஆறு மேஜைக்கு மட்டும் மெஷின் வரும். துணை வாக்குச்சாவடிகள் (45, 45ஏ போல) இருந்தால் இந்த வரிசை நகர்ந்துவிடும். எனவே ஆர்.ஓ. அலுவலகம் தரும் மேஜை அட்டவணையை வாங்கி அதன்படியே அடுக்குங்கள்.

மெஷின் மேஜைக்கு வந்ததும் ரிசல்ட் பொத்தானை அழுத்த விடுவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை இருக்கின்றன. கன்ட்ரோல் யூனிட்டின் (ஓட்டுகள் பதிவாகியிருக்கும் மெஷின் பகுதி) எண்ணும் 17சி-யில் உள்ள எண்ணும் ஒன்றா? வெளிச் சீல் அப்படியே இருக்கிறதா? உள்ளே ரிசல்ட் பகுதியை மூடியிருக்கும் பச்சைத் தாள் சீலின் வரிசை எண், பூத்தில் குறித்த எண்தானா? அந்தப் பச்சைத் தாளைக் கிழித்துத்தான் பொத்தானை அழுத்துவார்கள். கிழித்த பிறகு "எண் பொருந்தவில்லை" என்றால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பொருந்தாவிட்டால் அழுத்துவதற்கு முன் நிறுத்தச் சொல்லி, மேற்பார்வையாளர் வழியாக ஆர்.ஓ.வுக்கு எழுத்தில் கொடுங்கள்.

திரையில் முதலில் மொத்த ஓட்டு, பிறகு ஒவ்வொரு வேட்பாளராக, கடைசியில் நோட்டா என்று ஓடும். வேகமாக ஓடிவிட்டால் மறுபடி அழுத்தச் சொல்லலாம், அதற்கு உரிமை உண்டு. வெட்கப்பட்டுக்கொண்டு பக்கத்துக் கட்சி ஏஜென்ட் தாளைப் பார்த்து எழுதக் கூடாது.

மொத்தத்தை 17சி பாகம் 1-உடன் ஒப்பிடும்போது ஒரு விஷயம். 17ஏ பதிவேட்டில் (பூத்துக்கு ஓட்டுப் போட வந்தவர்களின் பதிவு) பதிவானவர்களில் ஓட்டுப் போட மறுத்தவர் (49ஓ), போட அனுமதிக்கப்படாதவர் (49எம்) ஆகியோரைக் கழித்துத்தான் மெஷின் எண்ணிக்கை வரும். "பதிவேட்டில் 812, மெஷினில் 811, ஓட்டைக் காணோம்" என்று சத்தம் போடும் முன் அந்த இரண்டு வரியைப் பாருங்கள். விவிபேட் (ஓட்டு யாருக்கு விழுந்தது என்று அச்சிட்டுக் காட்டும் கருவி) சீட்டு தவறாக வந்தது என்று யாராவது புகார் செய்து சோதனை ஓட்டு (49எம்ஏ) போட்டிருந்தால், அது யார் கணக்கில் விழுந்ததோ அவர் எண்ணிக்கையிலிருந்து கழிக்கப்படும். பாகம் 2-ல் அதற்கென்றே தனிக் கட்டம் இருக்கிறது.

பதில்: உறை பிரிப்பவர்

தபால் ஓட்டுக்கு உங்களிடம் இருப்பவர்களில் மிகப் பொறுமையான ஆளை அனுப்புங்கள். தபால் ஓட்டு காலை 8 மணிக்குத் தொடங்கும், மெஷின் 8.30-க்கு.

வெளியுறை 13சி. அதற்குள் 13ஏ உறுதிமொழி, 13பி உள்ளுறை. உள்ளுறைக்குள் வாக்குச்சீட்டு. முதலில் 13ஏ-வைத்தான் பார்ப்பார்கள். அது இல்லை, கையெழுத்து இல்லை, சான்றொப்பம் இல்லை, அல்லது 13ஏ-வில் உள்ள வாக்குச்சீட்டு எண்ணும் 13பி மேல் உள்ள எண்ணும் வேறு என்றால், 13பி-யைத் திறக்காமலே நிராகரிப்பு. திறந்த பிறகு, யாருக்கும் குறியிடாமல் இருப்பது, இருவருக்குக் குறியிட்டிருப்பது, வாக்காளரை அடையாளம் காட்டும் எழுத்து இருப்பது ஆகியவை காரணமாகும். குறி டிக்காக இருக்கிறதா பெருக்கலாக இருக்கிறதா என்பது காரணம் ஆகாது. யாருக்கு என்று தெளிவாகத் தெரிந்தால் செல்லும். இந்த ஒரு இடத்தில் ஏஜென்ட் வாய் திறந்தால் பத்து இருபது ஓட்டு காப்பாற்றப்படும்.

ஒவ்வொரு நிராகரிப்புக்கும் காரணத்தைக் குறித்துக்கொண்டே வாருங்கள். "மொத்தம் இத்தனை செல்லாது" என்று மட்டும் எழுதிய தாள் எதற்கும் பயன்படாது. ராதாபுரம் வழக்கே இதற்குச் சாட்சி. நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியர் சான்றொப்பமிட்டார், அவர் கெசட்டட் அதிகாரி இல்லை என்று ஒதுக்கப்பட்ட 203 தபால் ஓட்டுகளையும், கூடவே 19, 20, 21 சுற்றுகளையும் மறுபடி எண்ணும்படி 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. எண்ணவும் செய்தார்கள். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தேர்தல் 2016-ல் நடந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். தென்காசியிலும் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி தபால் ஓட்டுகளை மறுபடி எண்ணியது 2023 ஜூலையில்தான். மேஜையில் தீர்க்காததைக் கோர்ட்டில் தீர்க்க ஆண்டுகள் ஆகும்.

வெற்றி வித்தியாசம், செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையை விடக் குறைவாக இருந்தால், அந்த ஒதுக்கிய ஓட்டுகள் அனைத்தையும் முடிவு அறிவிக்கும் முன் ஆர்.ஓ. மறுபடி சரிபார்க்க வேண்டும், வீடியோ பதிவுடன். இது நீங்கள் கேட்டுப் பெறும் சலுகை அல்ல, தேர்தல் ஆணையத்தின் கட்டளை. இன்னொன்று, 2025 செப்டம்பரில் வந்த உத்தரவுப்படி தபால் ஓட்டு முடியாமல் மெஷினின் கடைசிக்கு முந்தைய சுற்றைத் தொடங்கக் கூடாது.

கேள்வி கேட்டவர்: கடைசிச் சுற்று

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். மெஷினில் உள்ள மொத்தம் 17சி-யை விடச் சரியாக ஐம்பது அதிகமாக வந்தால் என்ன அர்த்தம்? மறு எண்ணிக்கைக்கு வேட்பாளரேதான் எழுத வேண்டுமா?

பதில்: விதி 63

ஐம்பது என்றால் பெரும்பாலும் மாதிரி வாக்குப்பதிவுதான். காலையில் ஏஜென்டுகள் முன் குறைந்தது 50 ஓட்டுப் போட்டுக் காட்டி, குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று மூன்றையும் அழுத்தி அழித்துவிட்டுத்தான் உண்மையான வாக்குப்பதிவைத் தொடங்க வேண்டும். கிளியர் அழுத்த மறந்தால் அந்த ஓட்டுகள் உள்ளேயே தங்கிவிடும். அப்படிப்பட்ட மெஷினையும், திரையே வராத மெஷினையும் ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றை எண்ணி முடிப்பார்கள். முன்னிலை வித்தியாசம் அந்தப் பூத்துகளில் பதிவான மொத்த ஓட்டை விட அதிகமாக இருந்தால் அவற்றைத் தொட வேண்டியதில்லை. சமமாகவோ குறைவாகவோ இருந்தால் விவிபேட் சீட்டுகளை எண்ணுவார்கள். ஓரம் வைத்த பூத் எண்களையும் அவற்றில் பதிவான ஓட்டுகளையும் ஒரு தனித்தாளில் கூட்டிக்கொண்டே வர உங்களில் ஒருவர் வேண்டும்.

வழக்கமான விவிபேட் சரிபார்ப்பு மெஷின் சுற்றுகள் முடிந்தபின், குலுக்கலில் எடுக்கும் ஐந்து பூத்துக்கு. வேட்பாளர் வாரியாகப் பிரித்து 25, 25-ஆகக் கட்டுவார்கள். விவிபேட்டை ஆன் செய்ததும் தானாக வரும் ஏழு சோதனைச் சீட்டுகள் பெட்டியில் கிடந்தால் அவை கணக்கில் சேராது. எண்ணிக்கை பொருந்தாவிட்டால் சீட்டுகளை மறுபடி எண்ணுவார்கள். அப்போதும் பொருந்தாவிட்டால் சீட்டு எண்ணிக்கையே செல்லும், மெஷின் எண்ணிக்கை அல்ல (விதி 56டி).

இனி மறு எண்ணிக்கை (விதி 63). இதை உங்கள் ஆட்களுக்கு மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுங்கள். எல்லாம் முடிந்து மொத்த எண்ணிக்கையை ஆர்.ஓ. வாய்விட்டு அறிவிப்பார். அறிவித்துவிட்டுச் சற்று நேரம் காத்திருப்பார். படிவம் 20-ல் (இறுதி முடிவுத் தாள்) கையெழுத்துப் போட்டுவிட்டால் மறு எண்ணிக்கை மனுவை அவரே நினைத்தாலும் வாங்க முடியாது. உங்களுக்குக் கிடைப்பது அந்தச் சில நிமிடங்கள் மட்டும். வேட்பாளர்தான் எழுத வேண்டும் என்றில்லை. அவர் இல்லாவிட்டால் தலைமை ஏஜென்ட், அவரும் இல்லாவிட்டால் எண்ணிக்கை ஏஜென்ட் எழுதலாம். "இப்போதுதான் எழுதப் போகிறோம், கொஞ்ச நேரம் தாருங்கள்" என்று முதலில் உரக்கச் சொல்லிவிடுங்கள், அவர் நியாயமான அவகாசம் தர வேண்டும்.

மனு எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் இருக்க வேண்டும். "வித்தியாசம் குறைவு, சந்தேகம்" என்று எழுதினால் தள்ளுபடி, அது சரியும்கூட. "19-ஆம் சுற்று, 5-ஆம் மேஜை, இந்தப் பூத், 17சி-யில் இத்தனை, மெஷினில் இத்தனை, இத்தனை மணிக்கு மேற்பார்வையாளரிடம் எழுத்தில் கொடுத்தோம்" என்று எழுதினால் பகுதி மறு எண்ணிக்கைக்காவது வழி பிறக்கும். முழுத் தொகுதியையும் கேட்பதை விட, சரியாகக் காட்டக்கூடிய பூத்துகளையும் நிராகரித்த தபால் ஓட்டுகளையும் கேட்பதுதான் புத்திசாலித்தனம். ஆர்.ஓ. ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தத் தாளை வாங்காமல் வெளியே வராதீர்கள். பிறகு கோர்ட்டில் முதல் ஆவணம் அதுதான்.

2023-ல் கர்நாடகத்தின் ஜெயநகரில் தபால் ஓட்டுகளை மறுபடி பார்த்த பிறகு முடிவு 16 ஓட்டு வித்தியாசத்தில் நின்றது. 2020-ல் பீகாரின் ஹில்சாவில் 12. மனு எழுதுவதால் உங்கள் பக்கமே முடிவு வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆனால் எழுதாதவருக்கு அந்த வாய்ப்பே இல்லை.

அறிவித்த பிறகு இருப்பது தேர்தல் மனு மட்டும். முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில், 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்டி. 46-ஆம் நாள் போனால் எடுபடாது. தனியாக இன்னொரு வழியும் உண்டு: 2024 ஏப்ரல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி, இரண்டாம், மூன்றாம் இடம் வந்தவர்கள் ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்து, கட்டணம் செலுத்தி, தொகுதியில் 5 சதவீத மெஷின்களின் மைக்ரோ கன்ட்ரோலரை (மெஷினுக்குள் நிரல் பதிந்திருக்கும் சிப்) சோதிக்கச் சொல்லலாம். முறைகேடு நிரூபணமானால் பணம் திரும்பும்.

பதில்: ஆறில் ஒன்று

இரண்டு சின்னக் குறிப்பு. 2024 ஹரியானா எண்ணிக்கையில் சில மெஷின்கள் பேட்டரி 99 சதவீதம் காட்டின என்று பெரும் புகார் எழுந்தது. புது பேட்டரியின் மின்னழுத்தம் 7.4 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்வரை திரையில் 99 என்றுதான் வரும், அதற்குக் கீழே இறங்கிய பிறகே உண்மையான அளவு தெரியும் என்று ஆணையம் விளக்கியது. அந்த எண்ணுக்காக மேஜையில் நேரத்தை இழக்காதீர்கள். சீலும் மெஷின் எண்ணும் 17சி மொத்தமும்தான் முக்கியம்.

வேட்பாளர் கட்டும் டெபாசிட் திரும்ப வருமா என்ற கணக்கில் பலர் தவறுகிறார்கள். சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கை விட அதிகமாக வாங்க வேண்டும், நோட்டா அந்த மொத்தத்தில் சேராது. செல்லுபடியானவை 1,80,000 என்றால் 30,000 வாங்கியவருக்குப் பணம் போய்விடும், 30,001 வாங்கியவருக்குத் திரும்ப வரும்.

கேள்வி கேட்டவர்: கடைசிச் சுற்று

மேஜை வரிசைப்படி 17சி அடுக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. மறு எண்ணிக்கை மனுவுக்குத் தொகுதிப் பெயர், வேட்பாளர் பெயர், விதி எண் எல்லாம் எழுதி, சுற்று, மேஜை, பூத், இரண்டு எண்ணிக்கை ஆகிய இடங்களை மட்டும் காலியாக விட்டு, ஆர்.ஓ. மேஜைக்குப் போகும் ஆளிடம் ஐந்து தாள் கொடுத்து அனுப்பலாமா?

பதில்: விதி 63

அனுப்புங்கள். அப்படியே மேற்பார்வையாளரிடம் கொடுக்கும் ஆட்சேபனைத் தாளையும் இரண்டு நகலாகத் தயார் செய்து எல்லா மேஜைக்கும் கொடுங்கள். ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் நேரமும் வாங்கச் சொல்லுங்கள். வாங்க மறுத்தால், மறுத்தார் என்பதை அதே தாளில் எழுதி அடுத்த நிமிடமே தேர்தல் ஆணையத்தின் பார்வையாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.