கூட்டம் வந்தாலே மைஎஸ்கியூஎல் விழுது: 4 ஜிபி ராம் பத்தலையா?

வண்ணை_வலை:
எம்.சி. ரோடு ஜவுளி மொத்தக் கடை ஒண்ணோட ஆர்டர் சைட். உபுண்டு 22.04, என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி கோடை ஓட்டுறது), மைஎஸ்கியூஎல் (டேட்டாபேஸ்) எல்லாம் ஒரே விபிஎஸ்ல (வாடகை விர்ச்சுவல் சர்வர்). 2 கோர், 4 ஜிபி ராம், ஸ்வாப் (ராம் பத்தாதப்ப டிஸ்க்ல எடுத்துக்கிற இடம்) இல்ல. தீபாவளி சரக்கு ஏத்துனதுலேர்ந்து காலை 11 மணிக்கு 504 எரர் (பதில் வராம டைம்அவுட்) வருது. மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்துல ஓடுற பிஎச்பி ப்ராசஸ், அதாவது சைல்டு எண்ணிக்கை) எல்லையத் தொட்டாச்சு, கூட்டிப் பாருங்கன்னு எஃப்பிஎம் லாக் சொல்லிச்சு. 20ஐ 100 ஆக்கினேன். இப்ப அவுட் ஆஃப் மெமரின்னு கர்னலே மைஎஸ்கியூஎல்லை கில் பண்ணுது. லிமிட்ஸ்.கான்ஃப்ல நோஃபைல் (திறக்கக்கூடிய ஃபைல் எண்ணிக்கை) 65535 போட்டும் பிரயோஜனம் இல்ல. 8 ஜிபி வாங்கச் சொல்லவா?

ராயபுரம்_ரூட்:
அந்த 100தான் வினை. ஒரு சைல்டு 60 எம்பி தின்னா 100க்கு 6 ஜிபி. இருக்கிறதே 4. மெமரி தீர்ந்தா யார் அதிகமா பிடிச்சிருக்காங்கன்னு பார்த்துதான் கர்னல் அடிக்கும். தின்னது பிஎச்பி கும்பல், அடி வாங்கினது மைஎஸ்கியூஎல்.

முதல்ல கூட்ட நேரத்துல ஒரு சைல்டோட எடையை அளங்க. பிஎஸ் கமாண்ட் காட்டுற ஆர்எஸ்எஸ் மெமரிக் கணக்கு வேணாம். ஆப்கேஷ் (கம்பைல் ஆன பிஎச்பி கோடு வச்சிருக்கிற கேஷ்) மாதிரி எல்லாரும் பகிர்ந்துக்கிற மெமரியை அது ஒவ்வொரு சைல்டு கணக்குலயும் முழுசா சேர்த்துடும். ஸ்மெம் கமாண்ட் போட்டு பிஎஸ்எஸ் பாருங்க, அது பகிர்ந்த மெமரியைப் பங்கு பிரிச்சுச் சொல்லும். இன்னோடிபி பஃபர் பூல் (மைஎஸ்கியூஎல் டேட்டாவை ராம்ல வச்சுக்கிற இடம்) 1 ஜிபின்னா மைஎஸ்கியூஎல்லுக்கு மொத்தம் 1500 எம்பி, ஓஎஸ்ஸுக்கும் ஃபைல் கேஷுக்கும் 700 ஒதுக்குங்க. மிச்சம் கிட்டத்தட்ட 1900. 60ஆல வகுத்தா 31 வரும், 28 வைங்க. மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ் 500 வச்சா, மெமரி லீக் ஆகுற சைல்டு 500 ரிக்வெஸ்டுக்கு அப்புறம் தானா புதுசாகும். 2 ஜிபி ஸ்வாப்பும் போடுங்க, ஆனா அதைக் கணக்குல சேர்க்காதீங்க.

லிமிட்ஸ்.கான்ஃப் லாகின் பண்றவங்களுக்குத்தான். சிஸ்டம்டி (சர்வீஸ்களைக் கிளப்பி நிர்வகிக்கிறது) ஓட்டுற சர்வீஸ் அதைப் படிக்காது. சிஸ்டம்சிடிஎல் எடிட்ல லிமிட்நோஃபைல் போட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். உங்க வியாதி அது இல்லைங்கிறது வேற விஷயம்.

வண்ணை_வலை:
20லயே 504 வந்துச்சே ப்ரோ, 28 எப்படித் தாங்கும்?

கொருக்குப்பேட்டை_கர்னல்:
எத்தனை சைல்டுங்கிறதை விட, ஒவ்வொண்ணும் எவ்வளவு நேரம் மாட்டிக்கிட்டிருக்குன்னு பாருங்க. ஒரு ரிக்வெஸ்ட் 0.2 செகண்ட்ல முடிஞ்சா 28 சைல்டு செகண்டுக்கு 140ஐ அனுப்பிடும். 3 செகண்ட் இழுத்தா 9தான். தீபாவளிக் கூட்டத்துல உங்க ஏரியா கடைக்காரங்களே ஷட்டரைப் பாதி இறக்கித்தானே ஆளை விடுவாங்க? மேக்ஸ் சில்ட்ரன் அந்த ஷட்டர் மாதிரி. ஆனா உள்ள பில்லிங் கவுன்ட்டர் தூங்கினா ஷட்டர் என்ன பண்ணும்.

எஃப்பிஎம்ல ஸ்லோலாக் (மெதுவான ரிக்வெஸ்டைப் பதியுற) ஃபைலுக்குப் பாத் குடுத்து, ரிக்வெஸ்ட் ஸ்லோலாக் டைம்அவுட்டை 3 செகண்ட் வைங்க. எந்த ஃபங்ஷன்ல நிக்குதுன்னு அதுலயே வரும். ரிக்வெஸ்ட் டெர்மினேட் டைம்அவுட் 60 செகண்ட் வைங்க, அதைத் தாண்டுற ரிக்வெஸ்டை எஃப்பிஎம்மே நிறுத்திடும். பிஎச்பியோட மேக்ஸ் எக்ஸிக்யூஷன் டைமை நம்பாதீங்க: லினக்ஸ்ல க்வெரிக்கோ எஸ்எம்எஸ் கேட்வேக்கோ காத்திருக்கிற நேரத்தை அது எண்ணாது.

வண்ணை_வலை:
பிடிபட்டுச்சு. ஸ்டாக் க்வெரி. எக்ஸ்ப்ளெய்ன்ல (க்வெரி எப்படி ஓடுதுன்னு காட்டுற கமாண்ட்) டைப் 'ஆல்', அதாவது டேபிளை முழுசா படிக்குது, 2.8 லட்சம் ரோ. ஒரு சைல்டோட பிஎஸ்எஸ் 48 எம்பிதான்.

கொருக்குப்பேட்டை_கர்னல்:
க்வெரியோட 'வேர்' (WHERE) கண்டிஷன்ல வர்ற நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் (முழு டேபிளையும் படிக்காம தேட உதவுற அட்டவணை) போடுங்க, இன்னிக்கு ராத்திரியே, கூட்டம் இல்லாதப்ப. மேக்ஸ் சில்ட்ரன் 35 வரைக்கும் போகலாம். நாளைக்கு 11 மணிக்கு 'ஃப்ரீ -எம்' (மெமரி மிச்சம் காட்டுற கமாண்ட்) அடிச்சு அவைலபிள் நெடுவரிசையைப் பாருங்க, ஃப்ரீ நெடுவரிசையை இல்ல. 400 எம்பிக்குக் கீழ போனா மேக்ஸ் சில்ட்ரனை 30க்கு இறக்குங்க. 8 ஜிபி பேச்சு அதுக்கப்புறம்.