பத்து ரூபாய் எல்இடி பல்பு: மீதிப் பணம் யார் போட்டது?

முத்தியால்பேட்டைவாசி:
2014-ல் புதுச்சேரியில் குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு, பத்து ரூபாய்க்கு எல்இடி பல்பு வாங்கினோம். அம்மா சமையலறையில் அது இன்னும் எரிகிறது. அப்போது கொள்முதல் விலையே 310 ரூபாயாம். மீதி 300 வரிப்பணமா?

பழைய மின்பொறியாளர்:
இல்லை தம்பி, மானியமே கிடையாது. என்டிபிசி, பவர்கிரிட் உள்ளிட்ட நான்கு பொதுத்துறை நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய இஇஎஸ்எல் என்ற மின்சிக்கன நிறுவனம்தான் முதலில் பணம் போட்டது. ஜெர்மனி அரசின் வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூ, உலக வங்கி எல்லாம் அதற்குக் கடன் கொடுத்திருக்கின்றன. 60 வாட் எரிந்த இடத்தில் 7 வாட் எரிந்தால், மின்துறை சாயங்காலம் விலை கொடுத்து வாங்கும் மின்சாரம் குறையும். அந்த மிச்சத்திலிருந்து மின்துறை இஇஎஸ்எல்லுக்குத் தவணையாகக் கட்டும் என்பதுதான் ஏற்பாடு. நான் வேலை பார்த்த காலத்தில் இப்படி யாரும் யோசிக்கவில்லையே என்று இன்றும் ஆதங்கம்.

விஜயவாடா மருமகள்:
இங்கே எங்கள் மாமியார் வீட்டில் பில்லோடு மாதம் 10 ரூபாய் பிடித்தார்களே ஐயா?

பழைய மின்பொறியாளர்:
சரிதான் அம்மா. 2015-ல் நாடு முழுவதற்கும் வந்த உஜாலா என்ற எல்இடி பல்பு திட்டத்தில் மின்துறைக்குப் பதில் மக்களே பணம் கட்டினார்கள், மொத்தமாகவோ பில்லோடு தவணையாகவோ. மொத்தமாக வாங்கியதில் கொள்முதல் விலை 2016-க்குள் 38 ரூபாய்க்கு இறங்கிவிட்டது.

முத்தியால்பேட்டைவாசி:
நன்றி ஐயா. அம்மாவிடம் இன்றே சொல்கிறேன்.