பொருள்: மெடிக்கல் ஜியோலொஜிக்கு ‘மருத்துவப் புவியியல்’ பொருந்துமா?

வணக்கம்.

கல், மண், நிலத்தடி நீர், எரிமலைச் சாம்பல் போன்றவை உடல்நலத்தை எப்படிப் பாதிக்கின்றன என்று பார்க்கும் துறைக்கு, மாணவருக்கான கலைச்சொல் கைந்நூலில் ‘மருத்துவப் புவியியல்’ என்று போட்டிருக்கிறேன். ‘ஜியோஜெனிக்’ (நிலத்திலிருந்து இயற்கையாகத் தோன்றியது) என்பதற்கு ‘நிலவழி’. பிழையிருந்தால் சொல்லுங்கோ.

---

> ‘மருத்துவப் புவியியல்’

தம்பி, இது வேண்டாம். எங்கள் பள்ளிக்கூடங்களில் புவியியல் என்றால் ஜியோகிரபி. நோய் எங்கெங்கே பரவியிருக்கிறது என்று படம் போடும் மருத்துவப் புவியியல் தனியாக ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் மாணவன் குழம்புவான்.

துருக்கியின் கப்படோக்கியாவைப் பாருங்கோ. கரைன், துஸ்கோய் போன்ற கிராமங்களில் நுரையீரலின் உறையில் வரும் ஒருவகைப் புற்றுநோய் மிக அதிகம். அயலில் எல்லா ஊரிலும் அப்படியில்லை. எந்த ஊர் என்று காட்டுவது புவியியல். வீடு கட்ட வெட்டிய எரிமலைக் கல்லில் எரியோனைற்று என்ற நார்க்கனிமம் இருப்பதையும், அதன் தூசு மூச்சோடு உள்ளே போவதையும் சொல்வது ஜியோலொஜி.

அதற்கு இலங்கையில் வழங்கும் சொல் புவிச்சரிதவியல். ஆகவே ‘மருத்துவப் புவிச்சரிதவியல்’. தமிழ்நாட்டார் ‘நிலவியல்’ என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் நிலம் + இயல், நிலவு + இயல் இரண்டும் புணர்ந்து அதே உருவில்தான் வந்து நிற்கும்.

---

அண்ணை, புவியியல் வேண்டாம் என்பது சரி. ஆனால் மருத்துவப் புவிச்சரிதவியலாளர் என்று ஒருவர் தன்னை அறிமுகப்படுத்தி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப்போகும். ‘நிலநஞ்சியல்’ என்றால் என்ன?

---

> நிலநஞ்சியல்

பாதித் துறை வெளியே போய்விடும். நஞ்சு மட்டுமல்ல, குறைவும் நோய்தான். சீனாவில் செலனியம் குறைந்த மண்ணில் விளைந்ததையே உண்ட ஊர்களில் கெசான் என்ற இதயநோய் வந்தது. அயடீன் குறைந்தால் கழுத்துக் கழலை. புளோரைட்டு இரண்டு பக்கமும் வெட்டும்: குறைந்தால் பற்சூத்தை, கூடினால் பல்லில் மாக்கறை, மிகக் கூடினால் எலும்பிலும் கை வைக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், எங்கள் குடிநீர் நியமம் 1.0. வெயில் நாட்டில் தண்ணீர் கூடக் குடிப்பதால் அந்த இறுக்கம் நியாயம்தான்.

‘நிலநலவியல்’ என்றும் யாராவது எழுதுவதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தமிழில் தலைச்சொல் கடைசியில் நிற்கும். அது நிலத்தின் நலம், அதாவது மண்வளம் என்றே படிக்கப்படும்.

> நிலவழி

எனக்கு இதுதான் பெரிய சிக்கல். யாழ்ப்பாணக் கிணற்றில் வைத்தே சோதிக்கலாம். நீரின் வன்மை, அதாவது சவர்க்காரத்தை நுரைக்கவிடாத தன்மை, சுண்ணக்கல்லிலிருந்து வருகிறது, ஆகவே ‘நிலவழி’ என்பீர்கள். நைத்திரேற்று பெரும்பாலும் தோட்டத்து உரத்திலும் மலக்குழியிலும் இருந்து வருகிறது, ஆகவே ‘மனிதவழி’ என்பீர்கள். ஆனால் அது மெல்லிய செம்மண்ணைத் தாண்டி, சுண்ணக்கல்லின் வெடிப்புகளாலும் குகைகளாலும் வடிகட்டப்படாமல் கிணற்றுக்கு இறங்குகிறது. வந்த வழி நிலம்தானே! மூலத்தையும் பாதையையும் ‘வழி’ என்ற ஒரே சொல் சுமந்தால் கைந்நூல் பிழைக்காது. மூலத்துக்கு ‘நிலமூல’, ‘மனிதமூல’ என்று வையுங்கோ. ‘வழி’ பாதைக்கே இருக்கட்டும். கிணற்று நைத்திரேற்று அப்போது மனிதமூலம், நிலவழி.

---

நீர்ச்சோதனைப் பக்கத்திலிருந்து இரண்டு திருத்தம்.

கைந்நூலில் ‘நைத்திரேற்று’ என்று மட்டும் எழுதாதீர்கள். அறிக்கை இரண்டு விதமாக வரும்: நைத்திரேற்று முழுவதையும் கணித்தால் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதிலுள்ள நைதரசனை மட்டும் கணித்தால் ஏறத்தாழ 11. நைதரசன் கணக்கை நைத்திரேற்றாக மாற்றப் பெருக்கும் எண் 4.43. அறிக்கையில் 20 என்று கண்டு 50க்குக் கீழே என ஆறுதல்படுகிறவர், அது நைதரசன் கணக்கென்றால் உண்மையில் ஏறத்தாழ 89 உள்ள நீரைக் குடிக்கிறார். ‘நைத்திரேற்று’, ‘நைத்திரேற்று-நைதரசன்’ என இரண்டு பதிவு வேண்டும்.

அடுத்தது ‘தற்காலிக வன்மை’. கொதித்தால் போய்விடும் என்ற விளக்கம் சரி. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். ஆனால் அதைப் படிக்கிறவர்கள் கொதித்த நீர் எல்லாவற்றுக்கும் சுத்தம் என்று எடுத்துக்கொள்வார்கள். நைத்திரேற்று ஆவியாகாது. லீற்றருக்கு 45 மில்லிகிராம் உள்ள நீர் 2 லீற்றரை 1.5 லீற்றராக வற்றவிட்டால் 60 ஆகிவிடும். போத்தலில் பால்மா கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து: இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க மாட்டாமல் உதடும் நகமும் நீலம் பாயும். அந்தப் பதிவிலேயே ஒரு வரி சேருங்கோ.

---

நன்றி. தலைப்பதிவு ‘மருத்துவப் புவிச்சரிதவியல்’, ‘காண்க’ என்று ‘மருத்துவ நிலவியல்’. நிலமூல, மனிதமூல ஏற்றுக்கொண்டேன். நைத்திரேற்று இரண்டு பதிவாகிறது, கொதிநீர் வரியும் சேர்கிறது. புளோரைட்டு கூடி வரும் ‘புளோரோசிசு’க்கு இன்னும் சொல் இல்லை, ‘மாக்கறை’ பல்லுக்குச் சரி, எலும்புக்கு?