ஆமை நடையும் வளைகாப்பும்

குழு: தங்கம்மாள் குடும்பம்

கவிதா: ஒரு அவசரம். ஆதவன் பள்ளியில் பசுமைப் படைப் பிள்ளைகளைச் சனிக்கிழமை இரவு ஆமை நடைக்கு, அதாவது முட்டையிட வரும் கடல் ஆமைகளைத் தேடிக் கரையோரமாக நடக்க, கூட்டிப் போகிறார்கள். நீலாங்கரையில் 11 மணிக்குத் தொடங்கி பெசன்ட் நகர் வரை. வீட்டிலிருந்து பெரியவர் ஒருவர் கூட வர வேண்டுமாம். இவர் மஸ்கட்டில் போனையே எடுக்கவில்லை. நாளை மதியத்துக்குள் கடிதம் கொடுக்க வேண்டும். யார் போகிறீர்கள்?

சுமதி: எந்தச் சனிக்கிழமை

கவிதா: இந்த வாரம்தான்

சுமதி: அண்ணி. ஞாயிறு காலை வளைகாப்பு.

கவிதா: மறக்கவில்லை சுமதி. விடியற்காலை 4 மணிக்குள் முடிந்துவிடுமாம்.

சுமதி: முகூர்த்தம் 7.30. பையன் மண்டபத்தில் தூங்கி வழிவான்

ப்ரியா: எனக்காக அவனை நிறுத்த வேண்டாம் அத்தை, போகட்டும்

சுமதி: நீ போனை வைத்துவிட்டுப் படு

மூர்த்தி: கவிதா, இதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், எல்லோரும் முழுவதும் படிக்கவும். வருவது பங்குனி ஆமை. ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள், பங்குனி வாக்கில் கரைக்கு வருவதால் மீனவர்கள் வைத்த பெயர், ஆனால் தை மாதமே வரத் தொடங்கிவிடும். இரவில் மணலில் ஏறி, பின்துடுப்பால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். நாயும் காக்கையும் கிளறாமல் இருக்க அந்த முட்டைகளை எடுத்துக் காப்பகத்தில் புதைத்து வைப்பார்கள், சுமார் 45 நாளில் குஞ்சு வெளியே வரும். சென்னையில் இந்த நடை எழுபதுகளிலேயே தொடங்கியது. பாம்புப் பண்ணை தொடங்கிய ராமுலஸ் விட்டேக்கர் எல்லாம் நடந்திருக்கிறார், அப்புறம் 1988 முதல் மாணவர்களே சேர்ந்து நடத்துகிறார்கள். ஆதவனுக்கு நல்ல அனுபவம். என்னுடைய பெரிய டார்ச்சைத் தருகிறேன்.

ஆதவன்: பெரியப்பா டார்ச் கூடாது. வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகளும் கடலை விட்டுவிட்டுத் தெருவிளக்கைப் பார்த்துப் போய்விடும்.

பாபு: 👆

சுமதி: படிக்க வேண்டிய பையன் ராத்திரி முழுக்க மணலில் நடக்கிறானா

பாபு: நானும் நடந்தேன். 1990இல். குரூப் ஸ்டடி என்று சொல்லிவிட்டு.

மூர்த்தி: அதை இப்போது எதற்கு இழுக்கிறாய்

பாபு: நல்லவேளை, அப்பாவிடம் போட்டுக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தது. விடியற்காலை வந்தால் கதவு திறக்கவில்லை, திண்ணையில் படுத்துக் கிடந்தேன். உடம்பெல்லாம் மணல்.

மூர்த்தி: உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்

கவிதா: யார் போகிறீர்கள் என்று கேட்டேன்

சுமதி: அம்மா குரல் செய்தி அனுப்பியிருக்கிறாள். மிக்சி சத்தம்தான் கேட்கிறது

ப்ரியா: நான் கேட்டுவிட்டேன். “ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது, நல்ல காரியம் வைத்துக்கொண்டு எவனும் ஆமையைத் தொட்டுவிட்டு வரக் கூடாது” என்கிறாள் பாட்டி.

ஆதவன்: தொட மாட்டோம் பாட்டி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அட்டவணை ஒன்றில் இருக்கிற உயிரினம், தொட்டால் கேஸ்.

பாபு: கோர்ட் அமீனா ஏற்கெனவே வந்து போய்விட்டார் அம்மா. 1997, சீட்டுக் கம்பெனி, ஜாமீன் கையெழுத்து. அதில் ஆமையின் பங்கு எதுவும் இல்லை.

ப்ரியா: 😂😂

சுமதி: பாபு

மூர்த்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி: அப்போது போன வெள்ளிக் குத்துவிளக்கு இன்னும் திரும்பவில்லை, அதையும் சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகை விளக்கு எடுத்திருக்கிறேன்.

கவிதா: தயவுசெய்து இப்போது வேண்டாம். ஆதவன் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறான் என்று சொல்கிறேன். 2025 ஜனவரியில் இவரோடு காலையில் கடற்கரைக்குப் போனவன் செத்து ஒதுங்கிக் கிடந்த ஆமைகளை எண்ணிக்கொண்டே வந்தான். கண் பிதுங்கிக் கிடந்ததாம். அன்று சாப்பிடவே இல்லை.

ஆதவன்: ஒன்பது வரை எண்ணினேன். ஆமை மூச்சு வாங்க மேலே வர வேண்டும். இழுவை வலையில் மாட்டினால் முடியாது, மூழ்கிவிடும். 5 கடல் மைலுக்கு உள்ளே அந்தப் படகுகள் வரவே கூடாது, வருகிறார்கள். அந்த மாதம் சென்னைப் பக்கம் மட்டும் நூற்றுக்கணக்கில் செத்தன.

பாபு: நான் போகிறேன் அண்ணி. எப்படியும் 4 மணிக்குக் கோயம்பேட்டுக்குப் பூ வாங்கப் போக வேண்டும். தூங்காமலே போய்விடலாம்.

சுமதி: பூ வாடாமல் வருமா நீ அரைத் தூக்கத்தில் வாங்கினால்

ஆதவன்: இன்னொன்று தெரியுமா, மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சு, குளிர்ச்சியாக இருந்தால் ஆண்

சுமதி: அப்படியா? ப்ரியா வெயிலிலேயே அலைகிறாள், அதுதான் எதிர் வீட்டம்மா பெண் என்று சொன்னாள் போல

ப்ரியா: அம்மா நான் ஆமை இல்லை

கவிதா: 😄

மூர்த்தி: நான் போகிறேன். பாபு பூவைப் பார்க்கட்டும்.

பாபு: மணலில் 7 கிலோமீட்டர். உங்கள் முட்டி?

மூர்த்தி: என் முட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. எல்லாம் படித்ததுதான்.

பாபு: சரி

பாபு: டார்ச் வேண்டாம்

மூர்த்தி: தெரியும்

சுமதி: யாராவது ஒருவர் 6 மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். மல்லிகை எத்தனை முழம் சொல்வது?

பாபு: 40. சாமந்தி தனி.

சுமதி: போன முறையும் 40 என்றாய், மேடைக்கே பத்தவில்லை

கவிதா: கடிதத்தில் யார் பெயரை எழுதட்டும்?

சுமதி: 50 சொல்லிவிடு

ஆதவன்: அம்மா கடிதம்