0.8 வினாடி: எனக்கு வந்ததா இல்லையான்னு யார் சொல்றது?

வேப்பம்பூ:
"இடுப்புத் தசை 0.8 வினாடிக்கு ஒரு தரம் துடிச்சா அது ஆர்கஸம். துடிக்கலன்னா வெறும் கற்பனை." நேத்து இந்தக் குழுவுல கடுங்காப்பிங்கறவர் போட்ட பதிவு இது. படிச்சதுலேர்ந்து எரியுது. எனக்கு உச்சம் வர்றப்ப தொடை நடுங்கும், காது அடைக்கும், அப்புறம் உடம்பு மொத்தமா தளர்ந்துடும். துடிப்பை எண்ணினதே இல்ல. பதினாலு வருஷமா வந்ததெல்லாம் செல்லாதா சார்?

கடுங்காப்பி:
நான் சொல்லலம்மா, கருவி சொல்லுது. பாலுறவை ஆராய்ஞ்ச அமெரிக்கர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1966-ல வெளியிட்ட ஆய்வு. 382 பெண்கள், 312 ஆண்கள். ஆய்வுக்கூடத்துல வச்சு அளந்தது. 0.8.

ஓய்வு_நர்ஸ்:
தம்பி, அதையே முழுசா படிங்க. முதல் சில துடிப்புக்குத்தான் அந்த 0.8. அப்புறம் இடைவெளி நீளும், வேகமும் அடங்கும். ஆம்பளைக்கும் அதே கணக்குதான். நீங்க எண்ணிப் பாத்தீங்களா?

கடுங்காப்பி:
முதல் துடிப்புகள் 0.8-ன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

ஓய்வு_நர்ஸ்:
எதை ஒத்துக்கிட்டேன்? துடிப்பு லேசா இருந்தா அவங்களுக்கே தெரியாமப் போகலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை எடுக்கறவங்க சிலருக்கு உச்சம் தள்ளிப்போகும், சிலருக்கு வராமலே இருக்கும். வார்டுல இதைக் கூச்சப்பட்டுக்கிட்டு கேட்டவங்களை எனக்குத் தெரியும். அவங்ககிட்டயும் கடிகாரத்தை நீட்டுவீங்களா?

பனங்கிழங்கு:
உச்சம்னு அழகான தமிழ் இருக்கு. ஆர்கஸம் எதுக்கு?

கடுங்காப்பி:
வந்துட்டாருய்யா. போன மாசம் டிகாக்ஷனை வடிநீர்னு எழுதச் சொல்லி நாப்பது பதிவு போட்டவர்தானே நீங்க?

பனங்கிழங்கு:
முப்பத்தாறு. பதில் சொல்ல முடியாம ஓடினது நீங்க.

வேப்பம்பூ:
விஷயத்துக்கு வாங்க. எனக்கு கிளிட்டோரிஸை, அதான் யோனிக்கு மேலே இருக்கற மொட்டை, தொட்டாத்தான் வரும், உள்ளே மட்டும்னா வராது. நம்மகிட்டத்தான் ஏதோ குறைன்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். வெளியே தெரியற மொட்டு வெறும் நுனிதான், மிச்சம் உள்ளே ரெண்டு பக்கமும் கால் மாதிரி இறங்குதுன்னு ஆஸ்திரேலியா டாக்டர் ஹெலன் ஓ'கானல் இறந்தவங்க உடம்பை அறுத்துப் பாத்து 1998-ல விவரமா எழுதினாங்க. மனசை ஆராய்ஞ்ச டாக்டர் ஃப்ராய்ட் 1905-ல என்ன சொன்னார்? வளர்ந்த பொண்ணுக்கு அந்தச் சுகம் யோனிக்கு மாறிடணும்னார். அவரும் உங்க ஜாதிதான். உடம்பு ஒருத்தரோடது, தீர்ப்பு இன்னொருத்தரோடது.

கடுங்காப்பி:
ஃப்ராய்ட் எதையும் எண்ணல. மாஸ்டர்ஸும் ஜான்சனும் எண்ணினாங்க. 0.8.

ஓய்வு_நர்ஸ்:
அவங்க எண்ணினது ஆய்வுக்கூடத்துக்கு வர சம்மதிச்சவங்களை. அங்கேயே உச்சம் அடைய முடிஞ்சவங்களை. ஊர்ல உள்ள எல்லாரையும் இல்ல.

கடுங்காப்பி:
அப்போ தெர்மாமீட்டரும் பொய்யா? நர்ஸா இருந்துட்டு இப்படிப் பேசறீங்களே.

ஓய்வு_நர்ஸ்:
முப்பத்தோரு வருஷ சர்வீஸ். உங்க வயசு என்ன தம்பி?

கடுங்காப்பி:
வயசு எதுக்கு? 1966-க்குப் பதில் சொல்லுங்க. ஒரு நாள் ஸ்டாப்வாட்ச் வச்சுப் பாத்துட்டு வந்து பேசுங்க.

வேப்பம்பூ:
நான் ஸ்டாப்வாட்சோட படுக்கறதில்ல. உங்க வீட்டுல யாரு பிடிச்சுக்கறா?

கடுங்காப்பி:
குடும்பத்தை இழுக்காதீங்க. எதுவும் சொல்ல இல்லாதவங்க பண்ற வேலை இது. எண் எண்தான். 0.8 வினாடி.

பனங்கிழங்கு:
வினாடி இல்ல. நொடி.

கடுங்காப்பி:
0.8 நொடி. போதுமா?