சாப்பரோன் புரதம்: 'செவிலிப்புரதம்' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிற புரதங்கள் முறையாக மடியவும் சேரவும் உதவிவிட்டு விலகிக்கொள்ளும் சாப்பரோன் (chaperone) புரதங்களுக்குத் தமிழில் 'வார்ப்புப்புரதம்', 'மடிப்புப்புரதம்', 'துணைப்புரதம்' என முன்வைக்கப்பட்ட மூன்று சொற்களையும் வகுப்பில் சொல்லிப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

'வார்ப்பு' பிழையான படத்தைத் தருகிறது. பாக்டீரியாவின் குரோஇஎல் (GroEL) என்னும் சாப்பரோன் புரதத்தை, ஏழேழு அலகுகள் கொண்ட இரண்டு வளையங்களை அடுக்கிய பீப்பாயாகப் பலகையில் வரைந்தபோது, உடன்குடிப் பக்கத்து மாணவி ஒருத்தி, "சிரட்டையில கருப்பட்டிப் பாகு ஊத்துற மாதிரியா சார்?" என்று கேட்டாள். பாகு சிரட்டையின் வடிவத்தை வாங்கிக்கொள்ளும். அடி உருண்டு, மேல் தட்டையாகத்தான் கருப்பட்டி வரும். ஆனால் ஒரே பீப்பாய்க்குள் போய்வரும் வெவ்வேறு புரதங்கள் தத்தம் வடிவத்தோடு வெளியேறுகின்றன. ஏனெனில் வடிவத்துக்கான செய்தி அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது. ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதிப்புரதத்தின் மடிப்பைக் குலைத்து, அது தானே மீண்டும் மடிவதைக் காட்டிய அறிவியலாளர் அன்ஃபின்சனுக்கு 1972இல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லின் நெரிசலில், பாதி மடிந்த புரதம் பிறவற்றோடு ஒட்டித் திரண்டுவிடாமல் சற்று நேரம் ஒதுக்கி வைப்பதே பீப்பாயின் வேலை.

'மடிப்பு' குறுகலான சொல். 1978இல் அறிவியலாளர் லாஸ்கி 'மூலக்கூற்றுச் சாப்பரோன்' என்று முதலில் அழைத்தது, ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் டிஎன்ஏவோடு முறையாகச் சேர உதவும் நியூக்ளியோபிளாஸ்மின் புரதத்தைத்தான். அங்கே மடிப்பே பேச்சில் இல்லை. 'துணை' ஏற்கெனவே 'துணைநொதி' (coenzyme) என்னும் சொல்லில் இருப்பதால் குழப்பும்.

ஆகவே 'செவிலிப்புரதம்' என்கிறேன். அகப்பாடல்களில் தலைவியைப் பெற்றவள் நற்றாய். உடனிருந்து காத்து வளர்ப்பவள் செவிலி. தலைவி தன் இல்லறத்துக்குப் போகும்போது செவிலி அந்த இல்லத்தின் பகுதியாவதில்லை. சாப்பரோனும் முடிவுற்ற புரதத்தில் தங்குவதில்லை. இத்தனை பொருத்தமான சொல் நம்மிடமே இருக்க, வேறெங்கும் தேட எனக்கு மனம் வரவில்லை.

செவிலி என்றால் மருத்துவமனைச் செவிலியர்தானே நினைவுக்கு வருவார் என்னும் மறுப்பு நியாயமானது. ஆனால் பாளையங்கோட்டை வார்டுகளில் காதில் விழுவது 'நர்சம்மா' என்பதுதான். 'செவிலியர்' பெரும்பாலும் அறிவிப்புப் பலகைச் சொல். 'புரதம்' ஒட்டியபின் மயக்கம் எழாது.

ஒன்று மிச்சமிருக்கிறது. பீப்பாய் வடிவச் சாப்பரோன்களை மட்டும் குறிக்கும் 'சாப்பரோனின்' என்பதற்குத் தனிச்சொல் வேண்டும். 'செவிலிக்கூடு' எனலாம் என்பது என் கருத்து. 'செவிலிப்பீப்பாய்' நாவில் இடறுகிறது. மாற்றுச்சொல் இருப்பவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.