படெக் கலட்ராவா 6119: நேரில் பார்த்தவங்க எழுதுங்க

முள்ளும்டயலும்:

2021 ஏப்ரல்ல சுவிஸ் வாட்ச் கம்பெனி படெக் பிலிப்போட கலட்ராவா வரிசையில 6119 மாடல் வந்தப்போ நாம எல்லாரும் போட்டோவைப் பார்த்தே சண்டை போட்டோம். 39 மி.மீ. ரொம்பப் பெருசு, ரோமன் எண்ணைத் தூக்கிட்டாங்க, கிழவருக்கு இளவட்ட வேஷம்னு ஆளாளுக்கு ஒண்ணு. இங்க வாங்கினவங்க எத்தனை பேர் இருக்கப் போறாங்க! ஆனா கையில எடுத்துப் பார்த்தவங்க, பழைய 3919, 5119 மாடல் தெரிஞ்சவங்க கண்டிப்பா இருப்பீங்க. எழுதுங்க. விலைப் புலம்பலுக்குத் தனித் திரி இருக்கு, அதை அங்க வெச்சுக்கலாம்.

நானே ஆரம்பிக்கிறேன். ஆபீஸ் வேலையா ஜெனீவா போனப்போ ரூ தூ ரோன் தெருவுல இருக்கற அவங்க கடைக்குள்ள போனேன். 1853லேருந்து அதே இடம். வாங்கற ஆள் இல்லைன்னு முதல்லயே சொல்லிட்டேன், அந்தம்மா முகம் சுளிக்கலை. தட்டுல ரோஸ் கோல்டு 6119 வந்தது.

பெசல் மேல, அதாவது டயலைச் சுத்தி இருக்கற வளையத்து மேல, 'கிளூ த பாரி'ன்னு ஒரு வேலைப்பாடு. குறுக்கும் நெடுக்குமா கோடு வெட்டி, நடுவுல மிச்சமிருக்கற தங்கம் குட்டிக் குட்டிப் பிரமிடா நிக்கும். போட்டோவுல பார்த்தா ஏதோ சொரசொரப்புன்னு தோணும், அவ்வளவுதான். கையில கட்டித் திருப்பினப்போ ஒவ்வொரு பிரமிடும் ஒரு பக்கம் பளிச்சுனு, மறுபக்கம் கறுப்பா, அந்த வெளிச்சம் வட்டத்தைச் சுத்தி ஓடுது. டயல் வெள்ளி நிறம், மேல லேசான மணல் தூவின மாதிரி பொடிப்பொடியா இருக்கு. மணிக் குறியெல்லாம் பட்டை தீட்டி டயல் மேல பொருத்தினது.

39 உறுத்தவே இல்லை. தடிமன் 8 மி.மீ. சொச்சம்தான். 5119ல வார் மாட்டற லக் குச்சி மாதிரி நேரா நீட்டிட்டு இருக்கும், இதுல வளைஞ்சு மணிக்கட்டோட இறங்குது. சட்டைக் கைக்குள்ள சத்தமில்லாம போயிடுச்சு. அந்த பாழாப்போன ரோமன் எண்ணை நினைச்சு ஏங்கவே இல்லைன்னா நம்புவீங்களா?

லூப்கண்ணன்:

அண்ணன் வாட்சோட முகத்தைப் பத்தி எழுதிட்டார். நான் முதுகைப் பத்தி எழுதறேன், என் பிழைப்பே அங்கதானே.

5119 என் மேசைக்கு வந்திருக்கு. 2006 மாடல், 36 மி.மீ. கேஸ். பின்மூடியில கண்ணாடி போட்டிருப்பாங்க. ஆனா உள்ள ஓடற 215 பிஎஸ் மெஷின் வெறும் 21.9 மி.மீ. அதனால பின்னாடி திருப்பினா சுத்திலும் அகலமா தங்க வளையம், நடுவுல மெஷின். மெஷின் மேல ஒரு குறையும் சொல்ல முடியாது. சக்கரங்களைப் பிடிச்சு வெச்சிருக்கற தகடு, அதான் பிரிட்ஜ், அதோட ஓரத்தைச் சாய்ச்சு மெருகேத்தியிருக்கற அழகை லூப் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்தா வேலையே ஓடாது.

சிக்கல் முன்பக்கம்தான். குட்டி செகண்டு முள் எங்க நிக்கணும்னு டயல் வரையறவர் இஷ்டத்துக்கு முடிவு பண்ண முடியாது. உள்ள நாலாவது சக்கரத்தோட அச்சு எங்க வருதோ அங்கதான் முள்ளை மாட்டியாகணும். சின்ன மெஷினைப் பெரிய கேஸ்ல போட்டா அந்த அச்சு டயலோட மையத்துக்குப் பக்கத்துலயே நின்னுடும். செகண்டு வட்டம் மேல ஒட்டிக்கிட்டு, அதுக்குக் கீழ வெறிச்சுனு இடம். 37 மி.மீ. 5196லயும் இதே கதை. காலத்துக்கேத்த மாதிரி கேஸ் வளர்ந்துட்டே போச்சு, மெஷின் வளரலை. அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுட்டுத் திரிஞ்ச கணக்கு.

6119க்காகப் புதுசா பண்ணின 30-255 பிஎஸ் 31 மி.மீ. அகலம். தடிமன் எவ்வளவு தெரியுமா? பழைய 215 எவ்வளவோ அதே 2.55 மி.மீ.! உள்ள ரெண்டு ஸ்பிரிங் டப்பா, ரெண்டும் இணையா வேலை செய்யுது. வழக்கமா ஒண்ணு பின்னாடி ஒண்ணா கோப்பாங்க, நிறைய நேரம் ஓடும். இணையா வெச்சா விசைதான் கூடும். அந்த விசையை வெச்சு நேரத்தை அளந்து ஆடற பேலன்ஸ் சக்கரத்தை நல்லா கனமா வெச்சு ஆட்டறாங்க, கை குலுங்கினா அது சட்டுனு தடுமாறாது. அப்படியும் 65 மணி நேரம் ஓடுது, பழசு 44தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாவி கொடுத்துக் கழட்டி வெச்சா திங்கள் காலையில எடுத்து அப்படியே கட்டிக்கலாம். சாவியை இழுத்தா செகண்டு முள் நிக்கும், 215ல நிக்காது.

புது டயல், புது முள் எல்லாம் சரி. என்னைக் கேட்டா 6119ல உண்மையிலேயே புதுப்பிச்சது கேஸுக்கு அளவான மெஷினைத்தான். செகண்டு வட்டம் கீழ இறங்கினதே அதனாலதான்.

ஜெனீவாபொடியன்:

நான் பிறந்து வளர்ந்தது இஞ்ச ஜெனீவாவில. பிளான்பலேயில இருக்கிற படெக் மியூசியத்துக்கு ஊரில இருந்து ஆரும் வந்தால் கூட்டிக்கொண்டு போறது என்ர வேலை. உள்ளுக்குப் படம் எடுக்க விடமாட்டினம். கிழமை நாள் எண்டால் மத்தியானத்துக்குப் பிறகுதான் திறப்பினம், காலமையே போய் நிக்காதேங்கோ.

லூப்கண்ணன் அண்ணா எழுதினதை வாசிச்சிட்டு 96ஐப் பார்க்கத் திரும்பவும் போனன். அதுதான் முதல் கலட்ராவா, 1932. அந்த வருசம்தான் ஸ்டேர்ன் குடும்பம் கம்பனியை வாங்கினது. அதுக்கு முதல் அவை கம்பனிக்கு டயல் செய்து குடுத்த ஆக்கள். டயல்காரர் கைக்குக் கம்பனி வந்ததும் வந்த மணிக்கூட்டில அலங்காரமே இல்லை எண்டது எனக்கு எப்பவும் பிடிச்ச விசயம். 31 மி.மீ.தான் இருக்கும். ஆனால் செகண்ட் வட்டம் நல்லாக் கீழ இறங்கி, ஆறு இருக்க வேண்டிய இடத்தில சரியாகக் குந்தியிருக்குது. இவ்வளவு காலமும் பார்த்திருக்கிறன், இதைக் கவனிக்கேல்லை.

லூப்கண்ணன்:

தம்பி, அதுதான் விஷயம்! 96க்குள்ள பிறகு வந்த 12-120 மெஷின் ஏறக்குறைய 27 மி.மீ. 31 மி.மீ. கேஸ்ல அது போக என்ன இடம் மிச்சம்? 1930கள்ல கேஸுக்கும் மெஷினுக்கும் சரியா இருந்த அளவுப் பொருத்தம்தான் 6119ல திரும்ப வந்திருக்கு.

சின்னமணிக்கட்டு:

எல்லாரும் ஆம்பளைக் கை கணக்குலயே பேசறீங்க. பெரியப்பா பேங்க்ல இருந்தப்போ கட்டினது 3919. 1985ல வந்த மாடல், 33 மி.மீ. சொச்சம், வெள்ளை டயல், கறுப்பு ரோமன் எண். வங்கிக்காரங்க வாட்ச்னு அதுக்கு அப்பவே பேர். லூப்கண்ணன் சார், அதுலயும் 215தான், ஆனா கேஸ் சின்னதுங்கறதால வட்டம் அவ்வளவா உறுத்தாது. இப்போ நான்தான் கட்டறேன். 6119ஐ ஒரு கல்யாணத்துல ஒருத்தர் கழட்டிக் கொடுத்தார், கட்டிப் பார்த்தேன். அழகுதான், மறுக்கலை. என் கையில தட்டு மாதிரி இருந்தது. பழசைப் புதுப்பிக்கறப்போ பெருசாக்கித்தான் ஆகணும்னு யார் சட்டம் போட்டா?

இன்னொரு வயித்தெரிச்சல். பெரியப்பா சர்வீஸுக்குக் கொடுத்த கடையில, புதுசு மாதிரி மின்னணும்னு பெசலை பாலிஷ் சக்கரத்துல காட்டிட்டாங்க. பத்துலேருந்து ரெண்டு வரைக்கும் பிரமிடு எல்லாம் மொட்டை. விரலால தடவினாலே தெரியும், கீழ்ப்பக்கம் சொரசொரன்னு இருக்கு, மேல வழவழன்னு போயிடுது.

லூப்கண்ணன்:

ஐயோ. அந்தத் தங்கம் திரும்பி வராதும்மா. இந்த பெசல் வெச்சிருக்கறவங்க எல்லாரும் கேட்டுக்குங்க: சர்வீஸ் சீட்டுலயே 'பாலிஷ் வேண்டாம்'னு எழுதச் சொல்லுங்க. அழுக்கு சேர்ந்தா மெல்லிசு பிரஷ்ல உலர்வாவே தட்டினா போதும்.

முள்ளும்டயலும்:

அளவு விஷயத்துல சின்னமணிக்கட்டு சொல்றதை ஒத்துக்கறேன், ஆனா 31 மி.மீ. மெஷினைப் பண்ணிட்டு 33 மி.மீ. கேஸ்ல திணிக்க மாட்டாங்க. 2025ல வந்த 6196ஐப் பாருங்க, அதே 30-255தான். கேஸ் 38 மி.மீ., பிளாட்டினம், பெசல் வழவழன்னு, டயல் இளஞ்சிவப்பு கலந்த தங்க நிறம். ஒரு மி.மீ. இறங்கியிருக்காங்க! அதைக் கட்டிப் பார்த்தவங்க யாராச்சும் இருந்தா எழுதுங்க, முக்கியமா மெலிஞ்ச கைக்காரங்க.